மயிலாக இருந்த ஹோமர்: தொலைந்த லத்தீன் நூல்களைத் துண்டுகளிலிருந்து படிப்பது எப்படி

லத்தீனில் மயிலுக்கு வழக்கமான சொல் 'பாவோ'. 'பாவுஸ்' என்ற வடிவமும் உண்டு என்று காட்ட, நான்காம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் கரிசியுஸ் ஒரு பழைய கவிதையிலிருந்து நான்கு சொற்களை எடுத்து வைத்தார்: 'மெமினி மே ஃபியெரே பாவோம்'. 'நான் மயிலானது எனக்கு நினைவிருக்கிறது' என்று பொருள். பாடியவர் என்னியுஸ். மயிலானது யார், எதற்காக ஆனார், இதை யாரிடம் சொல்கிறார் என்பதெல்லாம் இலக்கணப் புத்தகத்துக்கு வேண்டாத விவரம். கரிசியுஸ் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

மீதியை வேறு இடங்களில் தேட வேண்டும். அங்கதக் கவிஞர் பெர்சியுஸ் தன் ஆறாவது கவிதையில் என்னியுஸைக் கிண்டல் செய்கிறார்: தான் ஹோமர் என்று குறட்டை விட்டுத் தூங்கி எழுந்தவராம், மறுபிறவியை நம்பிய கிரேக்கத் தத்துவவாதி பித்தகோரஸின் மயில் வழியாக வந்தவராம். கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்துல்லியன், ஆன்மா உடல் விட்டு உடல் பாய்வதாகச் சொல்கிறவர்களை மறுக்கும்போது, 'என்னியுஸ் கனவு காணும்போது ஹோமருக்குத் தான் மயிலாக இருந்தது நினைவுக்கு வருகிறது' என்று ஒரு குத்து குத்துகிறார். தத்துவக் கவிஞர் லுக்ரேதியுஸ் இன்னும் கொஞ்சம் தருகிறார்: ஹோமரின் நிழலுரு என்னியுஸ் முன் தோன்றி, கண்ணீர் விட்டு, இயற்கையின் தன்மையை எடுத்துச் சொன்னதாம். பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ, கனவில் காண்பதற்கும் விழிப்பில் காண்பதற்கும் வித்தியாசம் உண்டா என்ற தத்துவ வாதத்தின் நடுவில் ஒரு வரியைப் போகிறபோக்கில் எடுக்கிறார்: 'விசுஸ் ஹோமெருஸ் அதெஸ்ஸே பொயேதா', அதாவது 'கவிஞர் ஹோமர் வந்து நிற்பதாகத் தோன்றியது'.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்தால்தான் காட்சி தெரிகிறது. என்னியுஸின் பெருங்காவியமான 'அன்னாலெஸ்' ஒரு கனவோடு தொடங்குகிறது. ஹோமர் வந்து, தன் உயிர் ஒரு மயிலுக்குள் புகுந்து இப்போது உன்னிடம் வந்திருக்கிறது என்கிறார். லத்தீனில் ஹெக்ஸாமீட்டர் என்ற கிரேக்க யாப்பில் முதன்முதலாகக் காவியம் பாடியவர், தன்னை ஹோமரின் மறுபிறவி என்றே அறிவித்துக்கொள்கிறார். எவ்வளவு துணிச்சலான தொடக்கம்! ஆனால் அதன் மையமான வரி நம் கைக்கு வந்தது ஒரு பெயர்ச்சொல்லின் புண்ணியத்தில்.

தொலைந்த லத்தீன் இலக்கியத்தைப் படிப்பது என்பது பெரும்பாலும் இந்த வேலைதான். நூல் தொலைந்துவிட்டது, அதிலிருந்து யாரோ எடுத்தாண்ட மேற்கோள் இருக்கிறது. எடுத்தாண்டவருக்கு அவருடைய காரியம் பெரிது. ஆகவே எஞ்சியிருக்கும் ஒரு வரியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இதை எழுதியவர் யார்' என்பதல்ல, 'இதை எடுத்துச் சொன்னவர் யார், அவருக்கு இது எதற்குத் தேவைப்பட்டது' என்பதுதான். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எஞ்சிய வரிகளை மட்டும் வரிசையாக அடுக்கி வாசித்தால், நாம் வாசிப்பது என்னியுஸை அல்ல. இலக்கணக்காரர்களின் குறிப்பேட்டை.

இழப்பு எவ்வளவு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிவி எழுதிய ரோம வரலாறு 142 புத்தகங்கள், இருப்பவை 35. ஓவிட் எழுதிய 'மெடேயா' நாடகத்தை அந்தக் காலத்து விமர்சகர்கள் பெரிதாகப் பாராட்டினார்கள். மிஞ்சியது இரண்டே வரி. கவிஞர் காட்டுல்லுஸின் நண்பர் சின்னா, ஒன்பது ஆண்டுகள் செதுக்கி 'ஸ்மிர்னா' என்று ஒரு சிறு காவியம் எழுதினார். காலத்தால் அழியாது என்று காட்டுல்லுஸ் வாக்குக் கொடுத்தார். மூன்று வரிதான் இருக்கிறது. என்னியுஸ் (கி.மு. 239–169) இந்தக் கணக்கில் அதிர்ஷ்டசாலி. அவருடைய 'அன்னாலெஸ்' ட்ராய் நகரத்தின் வீழ்ச்சியில் தொடங்கித் தன் காலத்துப் போர்கள்வரை 18 புத்தகங்களாக ஓடியது. வர்ஜிலின் 'ஈனிட்' வரும்வரை ரோமப் பிள்ளைகள் பள்ளியில் படித்த காவியம் அதுவே. அதில் 600 வரிகளை ஒட்டி மிஞ்சியிருக்கின்றன, பலவும் அரைகுறையாக. 'ஈனிட்' வந்ததும் பள்ளிக்கூடம் அதற்கு மாறியது. படியெடுப்பவர்களுக்கு என்னியுஸ் தேவைப்படாமல் போனார். ஒரு நூலைத் தீயும் வெள்ளமும் மட்டும் அழிப்பதில்லை. பாடத்திட்டம் மாறினாலும் போதும்.

அந்த 600 வரிகளை, எடுத்தாண்டவர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு என்னியுஸ்கள் தெரிகிறார்கள்.

இலக்கணக்காரர்களின் என்னியுஸ் ஒரு விசித்திரப் பேர்வழி. 'ஓ தீதே தூதே ததி திபி தந்த துரன்னே துலிஸ்தி' என்று ஒரே எழுத்தை வைத்து நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறார். எக்காளத்தின் ஒலியை 'தரதந்தரா' என்று அப்படியே வரிக்குள் போடுகிறார். முதல் வரி, எழுத்தை இப்படி அடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக ஒரு சொல்லணிப் பாடநூலில் வருகிறது. இதுபோன்ற வரிகளாகவே நமக்குக் கிடைப்பதால், என்னியுஸ் முழுக்க முழுக்க இப்படித்தான் எழுதினார் என்று ஒரு பிம்பம் நெடுநாள் இருந்தது. விசித்திரமான வரிகளை மட்டும் பொறுக்குகிறவன் கையில் எந்தக் கவிஞரைக் கொடுத்தாலும் விசித்திரமாகத்தான் தெரிவார்.

சிசரோவின் என்னியுஸ் வேறு ஆள். சிசரோ சிறுவயதிலிருந்து மனப்பாடமாக அறிந்த கவிஞர் அவர். எனவே நீளமாக எடுத்துச் சொல்வார். குறிசொல்லுதல் பற்றிய தன் நூலில், ரோமுலுஸின் தாய் இலியா கண்ட கெட்ட கனவை ஒரு பத்தி முழுக்கத் தருகிறார். ரோமுலுஸும் ரெமுஸும் விடியலில் பறவைச் சகுனம் பார்க்கக் காத்திருக்கும் பகுதியையும் தருகிறார். அங்கே தெரிகிற கவிஞர் நிதானமானவர், காட்சியைக் கட்டத் தெரிந்தவர். கனவிலிருந்து பதறி எழுந்த இலியாவுக்கு ஒரு கிழவி நடுங்கும் கையால் விளக்கு கொண்டுவருகிறாள். அந்த ஒரு வரியே போதும், இவர் வெறும் ஒலி வித்தைக்காரர் அல்ல என்று சொல்ல. ஆனால் இங்கேயும் தேர்வு இருக்கிறது. சிசரோ பேசுவது குறியும் கனவும் பற்றி; அதனால் கனவும் குறியும் கிடைத்தன. போர்க்களத்து உபாயம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தால் வேறு பத்திகள் பிழைத்திருக்கும்.

மூன்றாவது, வர்ஜிலின் தாத்தாவான என்னியுஸ். மாக்ரோபியுஸ் தன் 'சதுர்னாலியா'வின் ஆறாம் புத்தகத்தில், வர்ஜில் பழைய கவிஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். வர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸும் அப்படியே. ரோமின் எதிரி ஹன்னிபலை, நேரடிப் போரைத் தவிர்த்துக் காத்திருந்தே களைப்படையச் செய்த ரோமத் தளபதி ஃபாபியுஸைப் பற்றி என்னியுஸ் 'ஒரே மனிதர், தாமதித்தே நம் அரசை மீட்டார்' என்றார். வர்ஜில் அதை ஒன்றிரண்டு சொல் மாற்றித் தன் ஆறாம் புத்தகத்தில் வைத்தார். இந்த வகை வரிகளெல்லாம் வர்ஜிலை நினைவூட்டுவதாலேயே காப்பாற்றப்பட்டவை. பிறகு நாம் அவற்றைப் படித்துவிட்டு, 'அடடா, என்னியுஸ் எவ்வளவு வர்ஜிலைப் போல இருக்கிறார்' என்று வியக்கிறோம். இந்தச் சுழலை 2013-இல் வெளியான தன் ஆய்வில் ஜாக்கி எலியட் விரிவாக எடுத்துக் காட்டினார்: 'அன்னாலெஸ்' எப்படிக் கட்டப்பட்ட காவியம் என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு, அதை வர்ஜிலோடு ஒப்பிட்டவர்களின் பார்வையிலிருந்து வந்தது. எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது. ஆனால் அதற்காக அந்த வரிகளைத் தூக்கிப் போடவும் முடியாது. இருப்பது அதுதானே.

உரைநடை வரலாற்றிலும் இதே கதை. மூத்த செனெக்கா, சொற்பொழிவுப் பயிற்சிகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு தலைப்பு: உயிர்ப்பிச்சை கேட்டுத் தன் அரசியல் எதிரி அந்தோணியிடம் சிசரோ மன்றாடலாமா? அதையொட்டி, சிசரோவின் கொலையை எந்தெந்த வரலாற்றாசிரியர் எப்படி எழுதினார் என்று வரிசையாக எடுத்துக் காட்டுகிறார். லிவியின் தொலைந்த 120-ஆம் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி, அசினியுஸ் பொல்லியோ, கிரெமூதியுஸ் கோர்துஸ், ப்ருத்தேதியுஸ் நிகர். கிரெமூதியுஸ் கோர்துஸின் நூல் கி.பி. 25-இல் செனட்டின் ஆணைப்படி எரிக்கப்பட்டது. அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நல்ல துண்டுகள் இங்கேதான். ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்களை நாம் அறிவது, எல்லாரும் ஒரே சாவு வீட்டில் நிற்கும்போது எடுத்த படம் போல. அவர்கள் போரையும் வரியையும் தேர்தலையும் எப்படி எழுதினார்கள் என்பதற்கு இந்தப் படம் உதவாது.

சரி, எடுத்தாண்டவரின் தேவையே துண்டின் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தத் தேவையை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியுமா? முடியும் என்று காட்டியவர் வாலஸ் மார்ட்டின் லிண்ட்சே. அவர் எடுத்துக்கொண்டது நோனியுஸ் மார்செல்லுஸ் என்ற அகராதிக்காரரை.

நோனியுஸ் ரோமப் பேரரசின் பிற்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்தவர். தன் மகனுக்காக 20 புத்தகங்களில் ஒரு சொற்களஞ்சியம் தொகுத்தார். அருஞ்சொற்கள், பெயர்களின் பால், உடை வகை, கப்பல் வகை, உணவு வகை என்று தனித்தனியே. காலணிகளைப் பற்றிய 16-ஆம் புத்தகம் மட்டும் தொலைந்துவிட்டது. ரோமச் செருப்புகளில் அக்கறை உள்ளவர்களுக்கு அது உண்மையான இழப்பு. நோனியுஸ் பெரிய அறிவாளி அல்ல. தனக்கு முந்தைய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸிடமிருந்து பத்தி பத்தியாக எடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்ல மாட்டார். சில மேற்கோள்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். முந்தைய நூற்றாண்டுகளின் அறிஞர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் லுசிலியுஸின் அங்கதக் கவிதைகள், வாரோவின் அங்கதங்கள், அக்கியுஸின் துன்பியல் நாடகங்கள் என எத்தனையோ நூல்களிலிருந்து நமக்குக் கிடைத்த வரிகளில் பெரும்பங்கு இவர் கையால் வந்தது.

லிண்ட்சே 1901-இல் வெளியிட்ட சிறு நூலில் செய்தது இதுதான். நோனியுஸின் பதிவுகளை அவை வரும் வரிசையிலேயே படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் வரும் மேற்கோள் எந்த நூலிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே போனார். ஒரு ஒழுங்கு தெரிந்தது. நோனியுஸிடம் 41 சொற்பட்டியல்கள் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நூலையோ ஒரு ஆசிரியரின் சில நூல்களையோ தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே, கண்ணில் பட்ட அருஞ்சொற்களை வந்த வரிசையில் எழுதிவைத்த பட்டியல். களஞ்சியத்தின் ஒரு பகுதியை எழுத உட்கார்ந்தபோது, இந்தப் பட்டியல்களை ஒரே மாறாத வரிசையில் ஒவ்வொன்றாகப் புரட்டி, பொருத்தமான சொற்களை இறக்கிவைத்தார். அலுப்பில்லாத, கற்பனையில்லாத எழுத்தர் வேலை. அவருக்குக் கற்பனை இருந்திருந்தால் நமக்கு இந்த வழி கிடைத்திருக்காது.

இதனால் என்ன பயன்? ஒரே நூலிலிருந்து அடுத்தடுத்து வரும் முதல் மேற்கோள்கள், அந்த நூலில் இருந்த அதே வரிசையில்தான் நோனியுஸிடமும் இருக்கும். இது வெறும் ஊகமல்ல. அவர் எடுத்தாண்ட நூல்களில் சில இன்றும் முழுசாக நம்மிடம் இருக்கின்றன. லுக்ரேதியுஸ், பிளாட்டுஸ், சிசரோவின் சில நூல்கள். அவற்றில் வைத்துச் சோதிக்க முடிகிறது. விதி நிற்கிறது. அப்படியானால் தொலைந்த நூலின் துண்டுகளுக்கும் அதைப் பொருத்தலாம்: 'இந்த வரி அந்த வரிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்' என்று சொல்ல, பொருளை வைத்து ஊகிக்காமல், ஒரு வெளிச் சான்று கிடைக்கிறது.

சிசரோவின் 'ஹோர்தென்சியுஸ்' நல்ல உதாரணம். தத்துவம் படிக்க அழைக்கும் உரையாடல் அது. பத்தொன்பதாம் வயதில் அதைப் படித்துத் தன் மனமே திரும்பியது என்று, பின்னாளில் பிஷப்பான அகஸ்டின் எழுதியிருக்கிறார். நூல் இல்லை. அகஸ்டின் தன் நூல்களில் தரும் மேற்கோள்கள், மகிழ்ச்சி எது, சாவுக்குப் பின் என்ன என்ற வாதங்களைத் தருகின்றன. நோனியுஸ் தருவதோ ஒற்றை வாக்கியங்கள். அவருக்கு வேண்டியது அதில் இருக்கும் ஏதோ ஒரு அரிய சொல். ஒருவன் வாழ்க்கையைத் திருப்பிய நூலில் இன்னொருவன் சொல் பொறுக்கியிருக்கிறான். ஆனால் வரிசையைத் தருவது அந்தச் சொல் பொறுக்கிதான். உள்ளடக்கத்தை அகஸ்டினிடமும் ஒழுங்கை நோனியுஸிடமும் வாங்கித்தான் இன்றைய பதிப்புகள் அந்த உரையாடலைக் கட்டுகின்றன.

இன்னொரு அகராதி கொஞ்சம் பரிதாபம். ஃபெஸ்துஸின் சொற்பொருள் நூல், முதல் ரோமப் பேரரசர் அகுஸ்துஸ் காலத்து அறிஞர் வெர்ரியுஸ் ஃப்லாக்குஸின் பெரிய நூலைச் சுருக்கியது. அதன் ஒரே முக்கியமான கைப்பிரதி 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நேப்பிள்ஸ் நகரில் இருக்கிறது. முதல் பாதி இல்லை. இருக்கும் பாதியில் பல தாள்களின் ஓரம் தீயில் கருகிவிட்டது. அதனால் அதில் வரும் கவிதை வரிகள் பாதியில் நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் பவுலுஸ் என்ற துறவி இதையும் சுருக்கி மன்னர் சார்லமேனுக்கு அனுப்பினார். சுருக்கும்போது முதலில் வெட்டியது மேற்கோள்களை. நமக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேற்கோளுக்குள் மேற்கோள் என்று போகும்போது சங்கிலி இன்னும் நீள்கிறது. 'மோரிபுஸ் அந்தீகுவிஸ் ரெஸ் ஸ்தாத் ரோமானா விரிஸ்குவே', அதாவது 'பழைய வழக்கங்களாலும் மனிதர்களாலும் ரோம அரசு நிற்கிறது'. என்னியுஸின் மிகப் பிரபலமான வரி. இதை சிசரோ தன் 'அரசு பற்றி' நூலின் ஐந்தாம் புத்தகத்தில் எடுத்துப் பேசினார். அந்தப் பகுதி தொலைந்துவிட்டது. அதை அகஸ்டின் 'இறைவனின் நகரம்' நூலில் எடுத்துவைத்தார், ரோம அரசு சிசரோ காலத்திலேயே செத்துவிட்டது என்று காட்டுவதற்காக. ஆக, கவிஞர் பெருமையாகச் சொன்னது, அரசியல்வாதியிடம் புலம்பலாகி, பிஷப்பிடம் குற்றச்சாட்டாகி நம்மிடம் வருகிறது. என்னியுஸின் காவியத்தில் அதை யார், எந்தச் சூழலில் சொன்னார் என்று எவரும் குறிக்கவில்லை. ஓட்டோ ஸ்குட்ச் தன் 1985-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை ஐந்தாம் புத்தகத்தில் வைத்தார். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம். பதிப்பில் வரி எண்ணோடு அச்சில் பார்க்கும்போது அது ஊகம் என்பது மறந்துபோகிறது.

அகஸ்டினுக்கும் இந்த நூலுக்கும் இன்னொரு உறவு உண்டு. 1819-இல் வத்திக்கான் நூலகத்தின் தலைவர் அஞ்செலோ மாய், போப்பியோ மடத்திலிருந்து வந்த ஒரு தோல் கைப்பிரதியில், சங்கீதங்களுக்கு அகஸ்டின் எழுதிய உரைக்குக் கீழே அழிக்கப்பட்ட பெரிய எழுத்துகளைக் கண்டார். அது சிசரோவின் 'அரசு பற்றி'. ஏழாம் நூற்றாண்டில் யாரோ ஒரு துறவி, பழைய தாளைச் சுரண்டிவிட்டு அதன்மேல் அகஸ்டினை எழுதியிருக்கிறார். சிசரோவை மேற்கோளாகக் காப்பாற்றியவரின் உரையே சிசரோவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மாய் 1822-இல், கிடைத்த பகுதிகளை அச்சிட்டார். அதற்கு முன்பே, செய்தி கேட்ட உற்சாகத்தில் இத்தாலியக் கவிஞர் லெயோபார்தி அவர்மேல் ஒரு கவிதை பாடிவிட்டார். ஆனால் மாய் கீழெழுத்தைத் தெளிவாக்கக் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளிலிருந்து எடுத்த கரைசலைத் தாளில் பூசுவார். அந்த நேரத்தில் எழுத்து தெரியும். பிறகு தாள் பழுப்பேறிக் கெடும். அவர் கை பட்ட பல தாள்கள் இன்று முன்பைவிட மோசம். இப்போது பல அலைநீள ஒளிகளில் படமெடுத்து, தாளைத் தொடாமலே படிக்கிறார்கள்.

இப்படி நேரடியாகக் கிடைக்கும் தாள்கள், மேற்கோள்களிலிருந்து நாம் கட்டிய பிம்பத்தைச் சோதித்துப் பார்க்க அரிய வாய்ப்பு. கொர்னேலியுஸ் கல்லுஸ் விஷயத்தில் அது நடந்தது. 'எலெஜி' என்ற ஈரடி யாப்பில் காதலைப் பாடும் லத்தீன் மரபைத் தொடங்கியவர் என்று ஓவிட் முதல் எல்லாரும் கொண்டாடிய கவிஞர். எகிப்தின் முதல் ரோம ஆளுநராகவும் இருந்து, அகுஸ்துஸின் கோபத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டார். அவர் கவிதையில் மிஞ்சியிருந்தது ஒரே வரி. அதுவும் ஆறுகளின் பெயர்ப் பட்டியல் எழுதிய ஒருவர் ஹிபானிஸ் ஆற்றுக்காக எடுத்தது: 'ஒரே ஆற்றால் இரு நிலங்களைப் பிரிக்கிறது'. காதல் கவிஞரிடமிருந்து பூகோளம் மட்டும்.

1978-இல் எகிப்தின் தெற்கே, நைல் கரையில் கஸ்ர் இப்ரிம் என்ற கோட்டையில் அகழாய்வு நடந்தது. கி.மு. 20-களில் ரோமப் படை கொஞ்ச காலம் தங்கிய இடம் அது. குப்பையில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு. அடுத்த ஆண்டு ஆண்டர்சன், பார்சன்ஸ், நிஸ்பெட் மூவரும் அதை வெளியிட்டார்கள். ஒன்பது வரிகளைப் படிக்க முடிந்தது. ஒரு வரியில் 'லிகோரிஸ்' என்ற பெயர். வர்ஜிலின் பத்தாம் முல்லைப்பாடலிலிருந்தே கல்லுஸின் காதலி லிகோரிஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுத்து முறையும் பழையது. சொற்களுக்கு நடுவே புள்ளி, ஜோடியில் இரண்டாவது வரி உள்தள்ளி, நான்கு வரிக்கு ஒரு முறை பிரிப்புக் குறி. கவிஞர் வாழ்ந்த காலத்திலேயே, அல்லது அதை ஒட்டி எழுதப்பட்ட படி. லத்தீன் இலக்கியக் கைப்பிரதிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

அப்புறம் வந்தது ஏமாற்றம். 'சீசரே, ரோம வரலாற்றின் மிகப் பெரிய பகுதியாக நீ ஆகும்போது என் விதி எனக்கு இனிக்கும்' என்ற வரியைப் படித்த பலர், இதுவா அந்தப் பெரிய கவிஞர் என்றார்கள். அந்தச் சீசர் ஜூலியுஸா, பின்னாளில் அகுஸ்துஸ் ஆன ஒக்தாவியனா என்ற சண்டை தனி. 1984-இல் ஒருவர் இது போலி என்றே வாதிட்டார், பெரும்பாலோர் ஏற்கவில்லை. நான் ஏமாற்றக்காரர்கள் பக்கம் இல்லை. கல்லுஸ் 'சற்றுக் கரடு' என்று பழைய ரோம விமர்சகர் குவின்திலியன் முன்பே சொல்லியிருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. வர்ஜிலும் ஓவிடும் சூட்டிய மாலைகளை வைத்து நாம் ஒரு கவிஞரைக் கற்பனை செய்துவைத்திருந்தோம். ஒன்பது வரியை வைத்து அவரை மட்டமாகப் பேசுவதும் அதே மாதிரியான அவசரம்தான்.

வெற்றிடம் இருக்கும் இடத்தில் நிரப்பி விற்பவர்களும் வருவார்கள். மகள் துல்லியா கி.மு. 45-இல் இறந்தபோது சிசரோ தனக்குத்தானே எழுதிக்கொண்ட 'ஆறுதல்' நூல் தொலைந்துவிட்டது. சில வரிகளை லாக்தான்சியுஸும் மற்றவர்களும் காப்பாற்றினார்கள். 1583-இல் வெனிசில் முழு நூலும் திடீரென்று அச்சாகி வந்தது. தெரிந்த துண்டுகள் எல்லாம் அதில் கச்சிதமாக அமர்ந்திருந்தன. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டியது. நூலின் உண்மைத்தன்மைக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்ற கார்லோ சிகோனியோ, 1559-இலேயே சிசரோவின் துண்டுகளைத் தொகுத்து வெளியிட்டவர். எந்தெந்த வரி எங்கே பொருந்த வேண்டும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அறிஞர் லிப்சியுஸ் உட்படப் பலர் போலி என்றார்கள். சிகோனியோ ஒப்புக்கொள்ளாமலே மறு ஆண்டு இறந்தார். 1999-இல் சொற்களின் புள்ளிவிவரத்தை வைத்துச் செய்த ஆய்வும், இது சிசரோ நடையல்ல, மறுமலர்ச்சிக் கால நடை என்றே முடித்தது. என்னியுஸும் தப்பவில்லை. 1595-இல் லெய்டனில் 'அன்னாலெஸ்' துண்டுகளைப் பதிப்பித்த பவுலுஸ் மெருலா, வேறு யார் கண்ணிலும் படாத ஒரு கைப்பிரதியில் கண்டதாகச் சில வரிகளைச் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். துண்டுகளை உண்மையாகத் தொகுப்பதற்கும் போலியாக நிரப்புவதற்கும் தேவைப்படும் திறமை ஒன்றே என்பது இந்தத் துறையின் சங்கடம்.

நேர்மையான பதிப்பாசிரியருக்கும் தொல்லைகள் குறைவில்லை. பழைய கைப்பிரதிகளில் மேற்கோள் குறி கிடையாது. செய்யுள் என்றால் யாப்பு காட்டிக் கொடுக்கும். வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அசையை எண்ணிப் பார்த்தால் தெரியும். உரைநடையில் அந்த வசதி இல்லை. மூத்த காத்தோவின் 'ஒரிகினெஸ்' என்ற வரலாற்றில், படையைக் காப்பாற்ற 400 பேரோடு சாவின் வாய்க்குள் போன ஒரு படைத்தலைவரின் கதை உண்டு. கெல்லியுஸ் அதைச் சொல்கிறார்: முதலில் தன் நடையில், பிறகு 'இனி காத்தோவின் சொற்களையே தருகிறேன்' என்று முடிவுப் பகுதியை. காத்தோ அங்கே கேட்கிறார்: ஸ்பார்ட்டாவின் லியோனிதாஸ் இதையேதான் செய்தார், கிரேக்கம் முழுக்கச் சிலையும் பாட்டும் அவருக்கு, இவருக்குக் கிடைத்த புகழ் எவ்வளவு சின்னது! கெல்லியுஸ் இவ்வளவு வெளிப்படையாகப் பிரித்துச் சொன்னதால் பிழைத்தோம். பெரும்பாலோர் சொல்வதில்லை. 'காத்தோ கூறுகிறபடி' என்று தொடங்கிவிட்டு, எங்கே காத்தோ முடிந்து தான் தொடங்குகிறார் என்று குறிக்காமலே போய்விடுவார்கள்.

புத்தக எண்களும் ஆபத்து. 'ஆறாம் புத்தகத்தில் என்னியுஸ்' என்று இலக்கணக்காரர் எழுதியதைப் படியெடுப்பவர் நான்காக்கலாம், பதினாறாக்கலாம். ரோம எண்களில் ஒரு கோடு இடம் மாறினால் போதும். ஒரு கோட்டால் ஒரு வரி, ஒரு போரிலிருந்து நூறு ஆண்டு தள்ளி இன்னொரு போருக்குப் போய்விடும். அதனால்தான் நல்ல பதிப்புகள், ஒரு வரியைக் கொடுக்கும்போது அது வந்த பத்தி முழுவதையும் கூடவே அச்சிடுகின்றன. டி. ஜே. கார்னெல் தலைமையில் 2013-இல் மூன்று தொகுதிகளாக வந்த ரோம வரலாற்றாசிரியர் துண்டுகளின் தொகுப்பு அப்படித்தான் செய்கிறது. சொந்தச் சொற்கள் எவை, வேறொருவர் சொன்ன சாரம் எது, வெறும் தகவல் எது என்று அச்சிலேயே பிரித்துக் காட்டுகிறது. புதிதாகப் படிக்க வருகிறவர் துண்டைவிட அதைச் சுற்றியுள்ள பத்தியில் அதிக நேரம் செலவிட்டால் நல்லது.

புதிய தாள்கள் இனியும் வருமா என்றால், பலரும் கை காட்டுவது ஹெர்குலேனியம். கி.பி. 79-இல் வெசூவியுஸ் எரிமலை புதைத்த மாளிகையில் கரிக்கட்டையாகிப்போன பாப்பிரஸ் சுருள்கள். பெரும்பாலானவை கிரேக்கத் தத்துவம், லத்தீன் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றில் 'அன்னாலெஸ்' வரிகள் இருப்பதாக 1990-இல் ஒரு வாசிப்பு வெளியானது; மற்றவர்கள் அந்த எழுத்துகளை அப்படிப் படிக்க முடியாது என்றார்கள், சண்டை ஓயவில்லை. இன்னொரு சுருளை நெடுங்காலமாக ஏதோ ஒரு சொற்பொழிவு என்றே பட்டியலிட்டிருந்தார்கள். 2017-இல் அதன் கடைசியில் இருந்த தலைப்பை மறுபடி படித்தபோது, லூசியுஸ் அன்னேயுஸ் செனெக்கா என்ற பெயர் தெரிந்தது. சிசரோவின் சாவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் நமக்குத் தொகுத்துக் கொடுத்த அதே மூத்த செனெக்கா. உள்நாட்டுப் போர்களின் தொடக்கத்திலிருந்து அவரும் ஒரு வரலாறு எழுதியிருக்கிறார் என்பதை அவருடைய மகன், தத்துவவாதி செனெக்கா, தன் தந்தையைப் பற்றிய நூலில் சொல்கிறார். அந்த நூலிலும் ஒரு துண்டுதான் மிச்சம், அதுவும் சுரண்டி எழுதிய ஒரு தாளில். சுருளில் இதுவரை படிக்க முடிந்தவை சிதறிய சொற்கள். ஒரு முழு வாக்கியத்தைத் தேடுகிற வேலை நடக்கிறது.